ரிசல்ட்டுக்கும் முதல் வகுப்புக்கும் நடுவில்

பிளஸ் டூ தேர்ச்சி விகிதம் பற்றி எங்கள் விருதுநகர் மாவட்டத்துக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2017இலும் 2018இலும் மாநிலத்திலேயே முதல் இடம். 2023இல் மறுபடியும் முதல் இடம், 97.85 சதவீதம். மே மாதம் ரிசல்ட் வரும் நாளில் ஊரே கொண்டாடும். பள்ளிக்கூட வாசலில் ஃப்ளெக்ஸ் கட்டுவார்கள், பிள்ளைகள் மிட்டாயோடு ஸ்டாஃப் ரூமுக்கு வருவார்கள், ஹெட்மாஸ்டர் போன் ஓயாது.

அந்தச் சந்தோஷத்தில் எனக்கும் பங்கு உண்டு. வெம்பக்கோட்டைப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். உயர்கல்வி வழிகாட்டும் பொறுப்பும் என்னிடம்தான். ஆனால் என் வேலை அன்றைக்குத்தான் ஆரம்பிக்கிறது. மே மாதம் பாஸான பிள்ளை ஜூலை மாதம் எங்கே இருக்கிறாள்? கல்லூரி வகுப்பிலா, பயர் ஆபீஸ் என்று நாங்கள் சொல்லும் பட்டாசு ஆலையிலா, ராஜபாளையம் மில்லிலா, கல்யாணப் பேச்சிலா? தேர்ச்சி விகிதம் இதைச் சொல்லாது.

"அரசாங்கம் இத்தனை திட்டம் கொடுத்த பிறகும் பிள்ளைகள் ஏன் கல்லூரிக்குப் போவதில்லை?" என்று வெளியூர் நண்பர்கள் கேட்கிறார்கள். அவர்களுக்காகவும், இந்த வட்டாரத்தில் பிறந்து படித்து இன்று நல்ல நிலையில் இருப்பவர்களுக்காகவும் இந்தப் பதிவு. நான் சொல்ல வருவது ஒன்றுதான். எங்கள் பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்ப்பதோ சேரவிடாமல் செய்வதோ ரிசல்ட்டுக்கும் முதல் வகுப்புக்கும் நடுவில் இருக்கும் அந்தச் சில வாரங்கள்தான். உதவி அங்கே வந்து நிற்க வேண்டும்.

இரண்டு காவலும் ஒரே கோடையில் விலகுகின்றன

எங்கள் மாவட்டத்துச் சிவகாசி என்றாலே குழந்தைத் தொழிலாளர் என்று உலகம் பேசிய காலம் ஒன்று இருந்தது. சலம் பென்னூர்க்கர் 1990இல் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' ஆவணப்படம் அந்தக் காலத்தின் சாட்சி. விடிவதற்கு முன்பே கிராமம் கிராமமாக வண்டி வரும். தூக்கக் கலக்கத்தில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும். கட்டை அடுக்குவதும் பெட்டி ஒட்டுவதும்தான் அவர்களுக்குப் படிப்பு.

அந்த நிலைமை மாறியது தானாக நடந்ததில்லை. 1986இல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. 1988இல் மத்திய அரசின் குழந்தைத் தொழிலாளர் திட்டம் தொடங்கியபோது, முதலில் எடுத்துக்கொண்ட இடங்களில் சிவகாசியும் ஒன்று. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நலநிதிக்குக் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2016 திருத்தம் இன்னும் ஒரு படி மேலே போய், 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களையும் வெடிபொருள் வேலையில் சேர்க்கக் கூடாது என்றது.

ஆக, பதினெட்டு வயது வரை சட்டம் காவல். பிளஸ் டூ வரை பள்ளிக்கூடம் காவல். பிள்ளை நாலு நாள் வராவிட்டால் நாங்கள் வீட்டுக்கே போய் நிற்போம். இந்த இரண்டு காவலும் ஏறத்தாழ ஒரே கோடையில் விலகிவிடுகின்றன. பிளஸ் டூ முடித்த பிள்ளைக்குப் பதினேழரை வயது இருக்கும். லைசன்ஸ் உள்ள நல்ல ஆலையில் ஆதார் கார்டு கேட்பார்கள், வயது பார்ப்பார்கள். வீட்டிலும் காட்டு ஷெட்டிலும் திருட்டுத்தனமாக வெடி உருட்டும் இடத்தில் ஒன்றும் கேட்க மாட்டார்கள். வயது கேட்காத இடம் எதுவோ, அதுதான் இருப்பதிலேயே ஆபத்தான இடம். முதல் அடி எடுத்து வைக்கும் பிள்ளைக்கு அந்தக் கதவுதான் அகலமாகத் திறந்திருக்கிறது.

"அடுத்த வருசம் சேத்துவிடுறேன்"

வெளியூர்க்காரர்கள் நினைப்பதுபோல எங்கள் ஊர்ப் பெற்றோர் படிப்புக்கு எதிரிகள் இல்லை. நான் போன வீடுகளில் ஒரு தாய்கூட "என் மகள் படிக்க வேண்டாம்" என்று சொன்னதில்லை. அவர்கள் சொல்வது இப்படி இருக்கும்:

"படிக்க வைக்க மாட்டேன்னு நான் சொல்லல டீச்சர். கம்பெனியில அட்வான்ஸ் வாங்கித்தான் போன பொங்கலுக்கு வீடு மராமத்துப் பாத்தோம். அதைக் கழிக்கணும்ல. இந்த ஒரு வருசம் என்கூட வரட்டும். அடுத்த வருசம் கண்டிப்பா சேத்துவிடுறேன்."

பட்டாசுத் தொழிலின் நாள்காட்டியைத் தெரிந்துகொண்டால் அந்த அம்மாவின் பேச்சு புரியும். தீபாவளி முடிந்ததும் ஆலைகள் சில வாரம் மூடிக் கிடக்கும். பிறகு பூஜை போட்டுத் திறப்பார்கள். ஆள் வேறு இடத்துக்குப் போய்விடக் கூடாது என்று அட்வான்ஸ் கொடுப்பார்கள். சம்பளம் வாரச் சம்பளம், பாதிக்கு மேல் செய்த வேலைக்கு ஏற்ற கூலி. ஒரு கை கூடினால் சனிக்கிழமை கையில் வரும் காசும் கூடும். சித்திரை, வைகாசியில் ஆரம்பித்து ஐப்பசி வரை வேலை நெருக்கும். கல்லூரி விண்ணப்பம், கவுன்சலிங், அட்மிஷன், முதல் பருவக் கட்டணம் எல்லாம் வருவதும் அதே மாதங்களில்தான். போதாததற்கு, 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பசுமைப் பட்டாசு பற்றித் தீர்ப்புச் சொல்லி, சரவெடிக்கும் பேரியம் கலப்புக்கும் தடை வந்த பிறகு, வேலை நாளே எத்தனை கிடைக்கும் என்ற பயம் ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்திருக்கிறது.

"ஒரு வருசம்" என்று போன பிள்ளை திரும்பி வந்ததை அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். கையில் காசு புழங்கிவிட்ட பிறகு பையன் வரமாட்டான். பெண்ணுக்கு மாப்பிள்ளை வந்துவிடும். அதனால்தான் அந்தக் கோடையை விடக் கூடாது என்கிறேன்.

ஓர் ஓடிபி எங்கே மாட்டிக்கொள்கிறது

தடை என்றால் பெரிய பெரிய காரணங்களைத் தேடுகிறோம். பெரும்பாலும் அது சின்னதாகத்தான் இருக்கும். ஒரு மாணவியின் விண்ணப்பம் எப்படிப் போனது என்று சொல்கிறேன். அடையாளம் தெரியாமல் இருக்க ஊரையும் பேரையும் விட்டுவிடுகிறேன்.

பிளஸ் டூவில் வணிகவியல் பிரிவு. நல்ல மார்க். அரசு கலைக் கல்லூரியில் பி.காம் சேர ஆசை. விண்ணப்பத்துக்கு 48 ரூபாயும் பதிவுக்கு 2 ரூபாயும் ஆக 50 ரூபாய்தான் கட்டணம். எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு அந்த 2 ரூபாய் மட்டும். இதைவிட மலிவாக ஓர் அரசாங்கம் கதவைத் திறந்து வைக்க முடியாது. ஆனால் பதிவு செய்ய ஓடிபி வர வேண்டும். வீட்டில் இருக்கும் ஒரே போன் அம்மாவுடையது. அம்மா காலை ஆலை வண்டியில் ஏறினால் பொழுது சாயத்தான் திரும்புவார். பட்டாசு ஆலைக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. அது உயிர் காக்கும் விதி, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. போன் அணைந்து வாசலில் கிடக்கும். மகள் கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்திருப்பாள். ஓடிபி வரும், நேரம் முடியும், காலாவதியாகும். அம்மா வீடு வந்து சேரும்போது சென்டர் பூட்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு லீவு, சென்டருக்கும் லீவு.

அதோடு முடியவில்லை. சாதிச் சான்றிதழ் சிறு வயதில் வாங்கியது, பெயரில் ஓர் எழுத்து ஆதாரோடு ஒத்துப்போகவில்லை. வருமானச் சான்று புதிதாக வாங்க வேண்டும். முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றுக்கு, வீட்டில் யாரும் பட்டம் வாங்கவில்லை என்று காட்ட எல்லோருடைய படிப்பு விவரமும் கேட்பார்கள். தாத்தாவும் பாட்டியும் பள்ளிக்கூடமே போகவில்லை என்றால் எந்தத் தாளைக் கொண்டுவருவது? வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் அலுவலகம் என்று நடந்தால் ஒவ்வொரு நடைக்கும் வீட்டில் ஒருவருக்கு ஒரு நாள் கூலி போகும். 50 ரூபாய் விண்ணப்பத்துக்குப் பின்னால் எத்தனை நாள் கூலி இருக்கிறது என்று எந்த இணையதளத்திலும் போடவில்லை.

அந்த மாணவிக்கு நாங்கள் செய்தது பெரிய காரியம் எதுவும் இல்லை. பள்ளி லேபில் சாயங்காலம் அம்மா வந்த பிறகு கம்ப்யூட்டரைத் திறந்து வைத்தோம். அவர் வேலை உடுப்போடுதான் வந்தார், விரல் இடுக்கில் அலுமினியப் பவுடர் மின்னியது. மகள் டைப் செய்ய, அம்மா போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிபி எண்களை ஒவ்வொன்றாக வாசித்தார். விண்ணப்ப எண் திரையில் வந்தபோது, "இம்புட்டுத்தானா டீச்சர்?" என்று கேட்டார். இம்புட்டுத்தான். ஆனால் அதற்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது.

கையில் இருக்கும் திட்டங்கள்

இனி அரசு செய்வதைச் சொல்ல வேண்டும், செய்திருப்பது நிறைய. 2022 மார்ச் 1 அன்று 'நான் முதல்வன்' தொடங்கியது. அதன் கீழ் 'கல்லூரிக் கனவு' முகாம்களில் என்னென்ன படிப்பு இருக்கிறது, எங்கே இருக்கிறது, எவ்வளவு செலவு என்று பிளஸ் டூ பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள். அதற்கடுத்து வந்த 'உயர்வுக்குப் படி'தான் என் பார்வையில் இன்னும் முக்கியமானது. எங்கும் சேராமல் விடுபட்ட பிள்ளைகளின் பட்டியலை எடுத்து, போன் போட்டு வரவழைத்து, கல்லூரி, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ., வங்கி, சான்றிதழ் தரும் அதிகாரி எல்லோரையும் ஒரே கூரையின் கீழ் உட்கார வைக்கும் முகாம் அது. மேலே சொன்ன நடைக்கூலிப் பிரச்சினைக்கு நேரடி மருந்து.

விருதுநகரில் ஆட்சியராக இருந்த வீ.ப. ஜெயசீலன் காலத்தில் 'காபி வித் கலெக்டர்' என்று ஒரு பழக்கம் வந்தது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளைச் சிறு குழுவாக அழைத்து உட்கார வைத்துப் பேசுவார். கலெக்டர் ஆபீஸ் என்றால் மனு கொடுக்கிற இடம் என்று மட்டும் தெரிந்த வீட்டுப் பிள்ளை அங்கே நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டு, தான் என்ன படிக்கப் போகிறேன் என்று சொன்னது. அந்தத் தைரியம் வீடு வரைக்கும் வரும் என்பதை நான் பார்த்திருக்கிறேன்.

பணத்துக்கும் வழி இருக்கிறது. 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் மருத்துவத்துக்கு வந்தது. 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் எனத் தொழிற்படிப்புகளுக்கும் விரிந்தது. இந்த ஒதுக்கீட்டில் சேரும் அரசுப் பள்ளி மாணவரின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே ஏற்கிறது. விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரியும் 2022 ஜனவரியில் திறந்தாயிற்று. மாதம் 1,000 ரூபாய் தரும் 'புதுமைப் பெண்' 2022இலும் பையன்களுக்கான 'தமிழ்ப் புதல்வன்' 2024 ஆகஸ்டிலும் தொடங்கின. பெண்ணின் கல்யாணத்துக்கு என்று இருந்த உதவியை அவள் படிப்புக்கு என்று மாற்றியதுதான் 'புதுமைப் பெண்'. எங்கள் ஊரில் அந்த மாற்றத்தின் எடையை ஆயிரம் ரூபாயை வைத்து மட்டும் அளக்க முடியாது. மகளின் பேரில் பேங்குக்கு மாதாமாதம் பணம் வருகிறது என்றால், கல்யாணத்தைத் தள்ளிப்போட அம்மாவுக்கு ஒரு காரணம் கிடைக்கிறது.

ஆசிரியர்கள் மறக்க முடியாத ஒரு தேதிப் பொருத்தமும் உண்டு. சிவகாசி அருகே முதலிப்பட்டி பட்டாசு ஆலையில் வெடி விபத்து நடந்தது 2012 செப்டம்பர் 5, ஆசிரியர் தினம். சரியாகப் பத்து வருடம் கழித்து, 2022 செப்டம்பர் 5 அன்று 'புதுமைப் பெண்' தொடங்கியது. நடுவிலும் பிறகும் விபத்துகள் நிற்கவில்லை. அச்சங்குளம், ரெங்கபாளையம், செங்கமலப்பட்டி, சின்னக்காமன்பட்டி என்று ஊர்ப் பெயர்கள் நீண்டுகொண்டே போகின்றன. 2024 நவம்பரில் முதல்வர் விருதுநகர் வந்தபோது, பட்டாசு ஆலை விபத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளின் உயர்கல்வி வரையிலான செலவை அரசே ஏற்கும், அதற்கு ஆட்சியர் பொறுப்பில் தனி நிதியம், முதல் கட்டமாக 5 கோடி ரூபாய் என்று அறிவித்தார். அப்பாவையோ அம்மாவையோ இழந்த வீட்டுக்கு அது பெரிய பிடிமானம். ஆனால் உயிர் போன பிறகுதான் ஒரு வீட்டின் படிப்புச் செலவு நம் கண்ணில் பட வேண்டுமா? அம்மா உயிரோடு ஆலைக்குப் போய்வரும் வீட்டிலும் அந்தச் செலவு அப்படியேதான் இருக்கிறது.

பிடி அரிசி போட்ட ஊர் இது

இந்த மாவட்டத்துக்குப் படிப்புக்காகக் கை கொடுப்பது புதிதல்ல. விருதுநகர் க்ஷத்திரிய வித்யாசாலை 1889இல் தொடங்கியது. வியாபாரிகள் வியாபாரத்தில் ஒரு பங்கை மகமையாகக் கொடுத்தார்கள், வீடுகளில் உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியை எடுத்துப் பள்ளிக்கூடத்துக்கு என்று தனியே வைத்தார்கள். அந்தப் பள்ளியில் படித்தவர்தான் காமராஜர். படிப்பைப் பாதியில் விட்டவர், முதலமைச்சராகி ஊர் ஊருக்குப் பள்ளிக்கூடமும் மதிய உணவும் கொடுத்தார்.

பட்டாசும் தீப்பெட்டியும் சம்பாதித்துக் கொடுத்த காசு கல்லூரிகளாகவும் நிற்கிறது. கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த அய்ய நாடார் பெயரில் 1963இல் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி. 1968இல் ஸ்டாண்டர்டு ஃபயர் ஒர்க்ஸ் ராஜரத்தினம் மகளிர் கல்லூரி. ஒரு பட்டாசுக் கம்பெனியின் பெயரைத் தாங்கிய கல்லூரியில், பட்டாசுத் தொழிலாளியின் மகள் படித்துப் பட்டம் வாங்குகிறாள். இந்த ஊருக்கு இதைவிடப் பெருமை வேறு இல்லை. அப்படி வாங்குகிறவர்கள் இன்னும் எத்தனையோ மடங்கு கூட வேண்டும் என்பதுதான் என் ஆசை.

தமிழ்நாட்டில் 18 முதல் 23 வயது வரை உள்ளவர்களில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 2021-22 கணக்குப்படி 47 சதவீதம். நாட்டின் சராசரியோ 28.4 தான். பெருமைப்படலாம். மிச்சமிருக்கும் பாதிக்கு மேற்பட்டவர்கள் யார் என்பதையும் கேட்க வேண்டும். எங்கள் பகுதியில் அவர்களின் முகம் எனக்குத் தெரியும்.

இந்தப் பிரச்சினை எங்கள் ஊருக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் 1965 முதல் 'அப்வர்ட் பவுண்ட்' என்ற திட்டம் நடக்கிறது. பெற்றோர் பட்டம் வாங்காத ஏழை வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளியில் இருக்கும்போதே பிடித்துக் கல்லூரி வரை கொண்டுபோய் விடுவது அதன் வேலை. அங்கேயும் இதே கோடைப் பிரச்சினை உண்டு. இடம் கிடைத்த பிள்ளைகள் கல்லூரி திறக்கும் நாளில் காணாமல் போகிறார்கள். பென் காசில்மேன், லிண்ட்சே பேஜ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை ஆராய்ந்து 2014இல் புத்தகமே எழுதினார்கள். அந்த மாதங்களில் ஓர் ஆலோசகர் போனில் பேசினாலே, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று குறுஞ்செய்தி போனாலே சேர்க்கை கூடியது என்பது அவர்கள் கண்டது. இங்கே நடிகர் சூர்யாவின் அகரம் அறக்கட்டளை 'விதை' திட்டத்தில் உதவி கொடுப்பதற்கு முன் பிள்ளையின் வீட்டுக்கே தன்னார்வலர்களை அனுப்புகிறது. வீட்டுக்குப் போனால்தான் தெரியும், தடை பணமா, தாளா, பயமா என்று.

சேர்ந்த பிறகும் ஒரு கண் வேண்டும். தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு முதல் பருவத்தில் ஆங்கிலப் பாடப்புத்தகம் மலைபோல நிற்கும். இரண்டு அரியர் விழுந்தால் "நமக்கு இது சரிப்படாது" என்று தானே முடிவு கட்டிவிடும். தீபாவளி நெருக்கத்தில் "ரெண்டு வாரம் வேலைக்கு வா" என்று வீட்டில் கேட்பார்கள், அது ஒரு பருவத்தையே விழுங்கும். அந்த நேரத்தில் அக்காவோ அண்ணனோ போல ஒருவர் போன் போட்டு "பரீட்சை எழுதிட்டியா?" என்று கேட்டால் போதும்.

இனி உங்களிடம் வருகிறேன். நீங்கள் சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டை, திருத்தங்கல் பக்கம் பிறந்து கல்லூரி முடித்தவராக இருந்தால், மே மாதம் வரும் முன்பே உங்கள் பழைய அரசுப் பள்ளிக்கு ஒரு போன் போடுங்கள். பணம் கேட்க மாட்டார்கள். ஒரே ஒரு பிள்ளையின் பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள். ஏப்ரலிலேயே சாதி, வருமான, முதல் பட்டதாரிச் சான்றுகளில் பெயர் ஒத்துப்போகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பிள்ளை பேரில் பேங்க் கணக்கு இருக்கிறதா, ஆதார் இணைத்திருக்கிறதா என்று கேளுங்கள். கலைக் கல்லூரியில் பி.காம், பி.எஸ்ஸிக்கு மொழிப்பாடம் நீங்கலாக நான்கு பாட மார்க்கும், தமிழ் இலக்கியத்துக்குத் தமிழ் மார்க்கும் பார்ப்பார்கள் என்று விளக்குங்கள். "உடனே வேலை" என்று ஏஜென்ட் காட்டும் படிப்புக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று விசாரித்துச் சொல்லுங்கள். ஓடிபி வரும் நேரத்தில் அம்மா வீட்டில் இருக்கிறாரா என்று கேட்க மறக்காதீர்கள். கவுன்சலிங் அன்று கூடப் போக முடிந்தால் போங்கள்.

ஆலை வைத்திருப்பவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். பிளஸ் டூ முடித்த பிள்ளை உள்ள தொழிலாளிக்கு அந்தக் கோடையில் மட்டும் அட்வான்ஸ் பிடித்தத்தை நிறுத்தி வையுங்கள். சான்றிதழ் வாங்க ஒரு நாள் சம்பளத்தோடு லீவு கொடுங்கள். கல்லூரி கட்டிய பரம்பரைக்கு இது பெரிய செலவாகாது.

பிள்ளைகள் தங்கள் பங்கை முடித்துவிட்டார்கள், பாஸாகிவிட்டார்கள். மீதி நம் பங்கு. இந்த மே மாதம் ஒரு பிள்ளையை முதல் வகுப்பு வரை கொண்டுபோய் விடுங்கள்.